எஃப்ளோரசென்ஸுக்குத் தமிழ்ச்சொல்: உப்புப்பூவும் உப்பரிப்பும்

குழுமத்தாருக்கு வணக்கம்.

இழையை முதலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். கேள்வியைப் போட்டவனே நான்தான் என்பதால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: இராமநாதபுரம் கடற்கரையோரம் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் கொத்து வேலை சொல்லிக்கொடுக்கிறேன். எட்டாம் வகுப்பு முடித்தவர்கள் சேரும் ஓராண்டுப் படிப்பு. பாடக் குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டு வரும்போது எஃப்ளோரசென்ஸ் வந்ததும் பேனா நின்றுவிட்டது. செங்கல்லின் மேலும் சுவரின் மேலும் வெள்ளையாக உப்பு கிளம்புகிறதே, அதற்குத்தான் அந்தப் பெயர். அதற்கு என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம் என்றுதான் இங்கே கேட்டிருந்தேன்.

> வெண்படிவு என்று வைத்துவிடலாம். சுருக்கமாகவும் இருக்கிறது, பார்த்தவுடன் புரிகிறது.

சுருக்கம்தான் ஐயா. ஆனால் வெள்ளையாகப் படிவதெல்லாம் ஒரே சங்கதி இல்லை. எங்கள் பட்டறையில் பயிற்சிச் சுவரை சிமெண்ட் போட்டுக் கட்டுவதில்லை. மண் சாந்தில் கட்டவைத்து, மூலைமட்டம், தூக்குக்குண்டு, ரசமட்டம் எல்லாம் பிடித்துப் பார்த்து மதிப்பெண் போட்டதும் பிரித்துவிடுவோம். அதே கல்தான் அடுத்த சுவருக்கும். இங்கே நிலத்தடித் தண்ணீர் உப்பு. அதில்தான் கல்லை நனைக்கிறோம், அதில்தான் சாந்து குழைக்கிறோம். கட்டிப் பிரிக்கிற ஒவ்வொரு தடவையும் கல் கொஞ்சம் உப்பைக் குடித்து உள்ளே வைத்துக்கொள்கிறது. கார்த்திகை மழை ஓய்ந்து, தை பிறந்து காற்று உலர்ந்ததும் அடுக்கி வைத்த கல்லின் விளிம்பெல்லாம் வெளுக்கத் தொடங்கும். கிட்டே போய்ப் பார்த்தால் பஞ்சு போல நுண்ணிய ஊசிகள் நிற்கும். கரணை நுனி பட்டாலே பொலபொலவென்று கொட்டிவிடும்.

அதே பட்டறையில் சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் பக்கச் சுவரில் வெடிப்பு வழியாக வெள்ளை வழிந்து கெட்டித்துப் போயிருக்கும். கரணையால் சுரண்டினாலும் லேசில் வராது. அது சுண்ணாம்பு. சிமெண்டுக்குள் இருக்கும் சுண்ணாம்பு நீரில் கரைந்து வெளியே வந்து, காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகிவிட்டது. முதலாவது தண்ணீரில் கரையும், இது கரையாது. பயல்கள் நாக்கில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள்: கரித்தால் சாதா உப்பு, கசந்தால் பேதியுப்பு வகை, சுவையே இல்லாவிட்டால் சுண்ணாம்பு. வேண்டாமடா என்று கத்தத்தான் செய்கிறேன், யார் கேட்கிறார்கள். வெண்படிவு என்று சொல்லிவிட்டால் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும். இரண்டுக்கும் பொதுப்பெயராக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

> உவர்ப்பூப்பு. உவர் நல்ல பழஞ்சொல், அதை விடக்கூடாது.

உவர் எனக்கும் பிடித்த சொல்தான். வேளாண்மைக்காரர்கள் உவர் நிலம், களர் நிலம் என்று அழகாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். துணி வெளுக்க எடுத்த உவர்மண்ணும் அந்தக் குடும்பம்தான். ஆனால் இந்த வழக்கெல்லாம் மண்ணோடு ஒட்டியது. சுவரைக் காட்டி இங்கே யாரும் உவர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கீழக்கரையானாலும் தேவிபட்டினமானாலும் "செவுரு உப்பு பூத்திருச்சு" என்பதுதான் பேச்சு.

பூப்பு என்ற ஈறு அதைவிடத் தொல்லை. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள், பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். கரும்பலகையில் உவர்ப்பூப்பு என்று எழுதினால் அன்றைய பாடம் அதோடு சரி. அதனால் பூ என்றே நிறுத்தி, உப்புப்பூ என்று வைக்கிறேன். வினையாக வரும் இடத்தில் உப்புப் பூத்தல்.

எஃப்ளோரசென்ஸின் இலத்தீன் வேருக்கும் பூப்பது என்றுதான் பொருள், பூ என்றால் அதை அப்படியே பெயர்த்தது போல் ஆகாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். தமிழில் பூசணம் பூக்கும், நெருப்பு நீறு பூக்கும், உச்சி வெயிலில் சாரத்தில் நின்றவன் சட்டை முதுகில் உப்புப் பூக்கும். இதற்கு இலத்தீன்காரரிடம் போய் நிற்க வேண்டியதில்லை.

> வேதியியலில் எஃப்ளோரசென்ஸ் என்றால் படிகம் தன் நீரை இழந்து பொடியாவது. அதையும் இதையும் ஒரே சொல்லில் அடைக்காதீர்கள்.

அம்மா சொல்வது முழுக்கச் சரி. சலவைச் சோடா திறந்து கிடந்தால் மாவாகிப் போகிறதே, அது. சுவரில் நடப்பது வேறு. ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு வெளியே வருகிறது, ஈரம் காய்கிறது, உப்பு நிற்கிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்த குழப்பத்தை நாமும் இறக்குமதி செய்வானேன்? வேதியியல் பொருளுக்கு உங்கள் பக்கத்தில் தனிச்சொல் வைத்துக்கொள்ளுங்கள். கொத்தனார் பாடத்தில் அது வரப்போவதில்லை.

அப்புறம், இழையில் யாரும் தொடாத ஒன்று. எனக்கு இதுதான் முக்கியம். இந்தப் பக்கத்துக் கொத்தனார்கள் இதற்கு இரண்டு வினை வைத்திருக்கிறார்கள். "உப்பு பூத்திருக்கு" என்பது ஒன்று. "உப்பு அரிச்சிருக்கு" என்பது இன்னொன்று. ஒன்றை மற்றொன்றுக்குப் பதிலாகச் சொல்லமாட்டார்கள்.

ஈரம் காயும் இடம் சுவரின் முகமாகவே இருந்தால் உப்பு வெளியே படிகமாகும். பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிடலாம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால்தான் வம்பு: கரைந்து உள்ளே போய் அடுத்த வெயிலுக்குத் திரும்பி வரும். காயும் இடம் முகத்துக்குச் சற்று உள்ளே தள்ளிப் போய்விட்டால் கதை வேறு. படிகம் கல்லின் நுண்துளைக்குள்ளேயே வளர்கிறது, வளர இடம் போதாமல் கல்லை நெம்புகிறது. சோடியம் சல்பேட் இதில் பெரிய ரவுடி. ஒரு மூலக்கூறுக்குப் பத்து மூலக்கூறு நீரைச் சேர்த்துக்கொண்டு பருக்கும். கல்லின் முகம் செதில் செதிலாகப் பெயரும், காரை உதிரும், விரலால் குத்தினால் மாவாகக் கொட்டும். ஆங்கிலத்தில் இதை சப்ஃப்ளோரசென்ஸ் என்று தனியாகச் சொல்கிறார்கள். நம் கொத்தனார் வாயில் அந்தப் பிரிவினை ஏற்கெனவே இருக்கிறது. பாடப்புத்தகத் தமிழில் அதைத் தொலைத்துவிடக் கூடாது. எனவே இரண்டாவதற்கு உப்பரிப்பு.

> அரிப்பு உலோகத்துக்கும் வருமே, குழம்பாதா?

உலோகத்துக்குப் பள்ளிப் பாடநூலில் அரிமானம் இருக்கிறது. மண்ணரிப்பு, கடலரிப்பு என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு உப்பரிப்பு தானாகப் புரியும். தோல் அரிப்பை நினைத்து யாராவது சிரித்தால் அது ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும், பூப்பு மாதிரி நாள் முழுக்க ஓடாது.

பெயர் பிரிந்தால்தான் வைத்தியமும் பிரியும். பூத்த சுவருக்குப் பிரஷ் போதும், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் போதும். அரித்த சுவருக்குக் காரையை நல்ல உயரத்துக்குக் கொத்தி எடுத்து, அடியில் ஈரத்தடுப்பு அடுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே பலர் செய்வது என்ன? அரித்த பழைய சுண்ணாம்புச் சுவர் மேல் கெட்டியாக சிமெண்ட் பூசி மூடிவிடுகிறார்கள். அந்தப் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. ஈரம் அதற்கு மேலே வழி தேடிக்கொண்டு போகும், அரிப்பும் கூடவே ஏறும். சிமெண்ட் பூசினால் சரியாகிவிடும் என்று வீட்டுக்காரருக்கு அடித்துச் சொல்லும் மேஸ்திரிகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. உப்புக்காற்று கட்டடத்தை என்ன செய்யும் என்று காட்டப் பிள்ளைகளைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போகலாம். 1964 புயலுக்குப் பிறகு மிச்சம் நிற்கும் தேவாலயச் சுவர் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்), நம் செங்கல் இல்லை. ஆனாலும் கல்லும் சாந்தும் ஒரே வேகத்தில் கரைவதில்லை என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பிரிவினை என் சொந்தச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். செங்கல் சோதனைக்கான இந்தியத் தரநூல் ஐஎஸ் 3495இன் 3ஆம் பகுதியைப் பாருங்கள். கல்லை ஒரு தட்டில் செங்குத்தாக நிறுத்தி, அடிப்பகுதி 25 மி.மீ. மூழ்கும்படி வாலைவடிநீர் (காய்ச்சி வடித்த, உப்பில்லாத நீர்) ஊற்றி, நீர் முழுக்க உறிஞ்சிக் காய்ந்ததும் மறுபடி ஊற்றிக் காயவிட்டுப் பார்க்கச் சொல்கிறது. நாங்கள் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரைக் கடையில் வாங்கிக்கொள்கிறோம், போர் தண்ணீரை ஊற்றினால் இங்கே எந்த நல்ல கல்லும் பூத்துவிடும். முடிவை ஐந்து நிலையாகச் சொல்ல வேண்டும். ஒன்றும் தெரியாதது முதல் நிலை. பரப்பில் 10 விழுக்காட்டுக்கு மேற்படாமல் மெல்லிசாகப் படிந்தால் இரண்டாவது. அதைவிடக் கனமாக 50 விழுக்காடு வரை என்றால் மூன்றாவது. 50 விழுக்காடும் அதற்கு மேலும் நான்காவது. ஐந்தாவதில் மட்டும் நிபந்தனை மாறுகிறது: கல்லின் முகம் பொடியாகவோ செதிலாகவோ உதிர வேண்டும். பரப்பை அளந்துகொண்டு வந்த தரநூல் அங்கே உதிர்வைப் பார்க்கிறது. கொத்தனார் 'பூத்திருக்கு' என்பதை விட்டு 'அரிச்சிருக்கு' என்று மாறும் இடமும் அதுதான்.

ஐந்துக்கும் நான் போட்டிருப்பது: இல்லை, இலேசு, நடுத்தரம், மிகுதி, உதிர்நிலை. ஐந்தாவதை ஆங்கிலத்தை ஒட்டிக் கடுமை என்று எழுதினால் நான்காவதிலிருந்து எப்படி வேறு என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதனால் உதிர்நிலை. அழுத்த வலிமையை வைத்துப் பிரிக்கும் வகுப்புகளில் 12.5 வரையான செங்கல்லில் நடுத்தரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி என்பதால், நடுத்தரம், மிகுதி இரண்டுக்கும் இடையே சொல்லில் தெளிவான வேறுபாடு வேண்டும்.

பொதுப்பணித்துறையில் இருந்த ஐயா சோதனைச் சான்று எழுதிப் பழகியவர். மிகுதி போதுமா, வேறு சொல் வேண்டுமா என்று அவர் சொன்னால் குறிப்பை அச்சுக்குக் கொடுத்துவிடுவேன். தொட்டிச் சுவரில் வழிந்த வெள்ளைக்குச் சுண்ணப்பூ என்று போட்டிருக்கிறேன். அதற்கு மறுப்பு இருந்தால் வேதியியல் அம்மா இப்போதே சொல்லிவிடவும்.