நீங்கள் எந்த ஆண்டு சாதாரண தரம் (பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை)? கிளிநொச்சிப் பக்கத்துப் பழைய மாணவர்கள் மூவரின் நினைவுகள்.

அக்கராயன் அக்கா:
கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு மருந்து எடுக்க வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு, "தங்கச்சி, ஸ்கந்தபுரத்தில் படித்தீர்களா? எந்த ஆண்டு சாதாரண தரம்?" என்று கேட்டார். எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்த அண்ணா. பெயர் இருவருக்கும் நினைவில்லை. பள்ளி விளையாட்டுப் போட்டியில் எந்த இல்லம் என்பது நினைவிருந்தது.

1996இல் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் வீழ்ந்தபோது எங்கள் பள்ளிக்கூடமும் சனத்தோடு சேர்ந்து ஸ்கந்தபுரத்துக்கு இடம்பெயர்ந்தது. காலையில் அந்த ஊர்ப் பிள்ளைகள், மத்தியானத்துக்குப் பிறகு நாங்கள். இடம் போதாமல் பல வகுப்புகள் மரங்களின் கீழ் நடந்தன. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் விலை ஏறிக் கிடந்த காலம். நான்கைந்து வீட்டுப் பிள்ளைகள் ஒரே குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படிப்போம். எண்ணெயை முறை வைத்துக் கொண்டுவருவோம். ஒருவர் மலேரியாக் காய்ச்சலில் படுத்தால், அவருடைய கொப்பியையும் மற்றவர்கள் எழுதி வைப்போம். அந்த ஒட்டுதான் இன்றும் விடாமல் இருக்கிறது. அன்று ஆஸ்பத்திரியில் அந்த அண்ணா தன் வரிசை இலக்கத்தை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தார். எங்களை ஆட்டோவில் ஏற்றிவிட்ட பிறகுதான் தன் மருந்தை எடுக்கப் போனார்.

முழங்காவில் தம்பி:
அக்கா, எனக்கு அப்படி ஒரு சந்திப்பு போர் முடிந்த 2009இல். இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் இராமநாதன் முகாமில் தண்ணீர் பவுசருக்குக் காத்து நின்ற சனத்துக்குள் எங்கள் உயிரியல் ரீச்சரைக் கண்டேன். மெலிந்து ஆளே மாறியிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தருமபுரத்தில் எந்த அலகோடு நிறுத்தினோம்?" என்று கேட்டார். ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சை. மறுநாளே தறப்பாளின் கீழ் வகுப்புத் தொடங்கியது. புத்தகம் கிடையாது, ரீச்சரின் மனதில் இருந்ததுதான் பாடம். வேறு பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தயங்கித் தயங்கி வந்தார்கள். எல்லோரையும் இருத்தினார். இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் வீட்டில் எந்த விசேஷமென்றாலும் வாழை கட்டுவது நாங்கள்தான்.

கனடா ஸ்காபரோவிலிருந்து ஒரு பழைய மாணவி:
2006இல் போர் மீண்டும் மூளுமுன்பே இங்கு வந்துவிட்டதால் என்னிடம் எங்கள் வகுப்புப் படம் தப்பியது. ஊரில் இருந்தவர்களிடம் ஒன்றுமே மிஞ்சவில்லை. முள்ளிவாய்க்கால் வரை பெட்டியைச் சுமந்தவர்களும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். படத்தை நண்பர்களுக்கு அனுப்பியதும், எங்களோடு படித்து, இன்று இல்லாத ஒருவனின் அம்மா கூப்பிட்டார். மகனின் முகம் தெரியும் வேறு படம் அவரிடம் இல்லை. கிளிநொச்சியில் இருக்கும் நம் வகுப்பு நண்பர்கள் ஸ்ரூடியோவில் கொடுத்து அவன் முகத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

என் பிரதியில் கடைசி வரிசை மங்கிவிட்டது. 2001 சாதாரண தர வகுப்புப் படம் யாரிடமாவது தெளிவாக இருந்தால் அனுப்புங்கள். இன்னும் இரண்டு அம்மாமார் கேட்டிருக்கிறார்கள்.