நான்கு முனை ஹார்னெஸ்ஸைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள்: 110 மைல் வகுப்புக்கு உண்மையில் எது தேவை?

மேற்குச்சாலை

வணக்கம். நெவாடாவின் சில்வர் ஸ்டேட் கிளாசிக் பந்தயத்தில் முதன்முறையாக ஓட்ட ஆசை. லண்ட் அருகே தொடங்கி ஹைக்கோ அருகே முடியும் 90 மைல், மாநில நெடுஞ்சாலை 318. வண்டி 2014ஆம் ஆண்டு மஸ்டாங், எதையும் மாற்றவில்லை. 110 மைல் வகுப்பில் (சராசரியாக மணிக்கு 110 மைல் வேகத்தில் ஓடி முடிப்பது இலக்கு) பெயர் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

பழக்கத்துக்காகப் போன மாதம் ஓர் ஓடுதளப் பயிற்சி நாளுக்குப் போனேன். அதற்கென்றே பழைய நான்கு முனை ஹார்னெஸ் (தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு என நான்கு இடத்தில் பூட்டும் பந்தயப் பெல்ட்) இரண்டை ஒருவரிடமிருந்து வாங்கி, தோள் பட்டைகளைப் பின்னிருக்கை பெல்ட்டின் தரை போல்ட்டுகளில் நானே மாட்டியிருந்தேன். சோதித்தவர் பத்து விநாடி பார்த்தார். "கழற்றிவிட்டு வாருங்கள், இல்லையென்றால் ஓட்ட முடியாது" என்றார். எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. காரணம் கேட்க முடியவில்லை. கழற்றிவிட்டு, வண்டியோடு வந்த பெல்ட்டிலேயே ஓட்டினேன்.

பட்டையில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. முத்திரையில் எஸ்.எஃப்.ஐ. 16.1 (அது பந்தயப் பாதுகாப்புத் தர எண்), 2019 என்று இருக்கிறது. பிறகு ஏன் மறுத்தார்? என்னிடம் இருப்பது டெக்சாஸ் ஓட்டுநர் உரிமம் மட்டுமே. பந்தய உரிமம் தனியாக எடுக்க வேண்டுமா? பக்கத்து இருக்கையில் நேரம் பார்த்துச் சொல்லும் வழிகாட்டியாக என் மனைவி வருகிறார்; அவருக்கும் இதே விதிகள்தானா?

வேகமணி

நான்கு முனையைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். கால்களுக்கிடையே வரும் கவட்டுப் பட்டை ஒன்று வாங்கி ஐந்தாக்கிவிடுங்கள், வேலை முடிந்தது. வண்டியோடு வரும் மூன்று முனைப் பெல்ட்டைவிட ஐந்து முனை எப்போதும் மேல்.

பட்டறைவாசி

வேகமணி, "எப்போதும்" என்ற அந்த ஒரு சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

மேற்குச்சாலை, முத்திரையிலிருந்தே தொடங்குகிறேன். எஸ்.எஃப்.ஐ. 16.1 ஹார்னெஸ்ஸுக்கு ஆயுள் தயாரித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. அதற்குப் பின் தயாரிப்பாளரிடம் அனுப்பிப் புதுப் பட்டை தைத்து வாங்க வேண்டும், அல்லது புதிதாக வாங்க வேண்டும். வெயிலில் கிடந்த பட்டை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். இழையின் வலு போயிருக்கும். சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் எஃப்.ஐ.ஏ. 8853/98 முத்திரை என்றால் ஐந்து ஆண்டு. உங்களுடையது 2019. அதை மட்டும் பார்த்தே அவர் மறுத்திருக்கலாம்.

ஆனால் பத்து விநாடியில் அவர் கண்ணில் பட்டது தோள் பட்டை சென்ற கோணமாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். தோளிலிருந்து பின்னோக்கிக் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக, கூடிப்போனால் 20 பாகை சரிவில் அது போக வேண்டும். நீங்கள் மாட்டியதோ இருக்கையின் முதுகைத் தாண்டித் தரைக்கு இறங்குகிறது. மோதும்போது உடல் முன்னே பாய, பட்டை தோளைக் கீழ்நோக்கி அழுத்தும். அந்த விசை முழுவதையும் வாங்குவது முதுகெலும்பு.

நான்கு முனையின் குற்றம் வேறு. தோள் பட்டைகள் இறுகும்போது நடுக் கொக்கியை மேலே இழுக்கின்றன. அதோடு இடுப்புப் பட்டையும் இடுப்பெலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறிவிடும். உடல் அதன் அடியில் வழுக்கிப் போகும். கவட்டுப் பட்டையின் வேலை கொக்கியைக் கீழே பிடித்துவைப்பதுதான். இந்த அளவில் வேகமணி சொன்னது சரி.

ஆனால் ரோல் பார் (வண்டி உருண்டால் கூரையைத் தாங்கும் இரும்புக் குழாய் வளைவு) இல்லாத வண்டியில் ஐந்து முனை போட்டால் வேறொரு வினை. வண்டி உருண்டு கூரை அமுங்கினால், வண்டியோடு வந்த பெல்ட் உடலைச் சற்றுச் சாய விடும். ஹார்னெஸ் உங்களை நட்ட கம்பம் போல நிமிர்த்திப் பிடிக்கும். கூரை இறங்கும் இடத்தில் உங்கள் தலை இருக்கும். ஆகவே ஹார்னெஸ் என்றால் அதோடு ரோல் பார், பட்டை நுழையத் துளையுள்ள பந்தய இருக்கை, கழுத்துக் காப்பு எல்லாம் சேர்ந்து வர வேண்டும். பாதி வழியில் நிற்பதற்கு வண்டியோடு வந்த தொழிற்சாலைப் பெல்ட்டே மேல்.

மேற்குச்சாலை

விளக்கத்துக்கு நன்றி. அப்படியானால் ரோல் பார் போட்டுவிட்டு, வாரநாட்களில் இதே வண்டியில் அலுவலகம் போய்வந்தால்?

பட்டறைவாசி

போகலாம், ஆனால் அப்போது தலையில் ஹெல்மெட் இருக்காது. சிறு மோதலில்கூட வெறுந்தலை இரும்புக் குழாயில் போய் இடிக்கும். அந்தக் குழாயில் கடினமான பந்தயப் பஞ்சு சுற்றுவதும் ஹெல்மெட் போட்ட தலையை எண்ணித்தான். தொழிற்சாலைப் பெல்ட்டையும் கழற்றிவிடாதீர்கள். பந்தய ஹார்னெஸ் பொதுவாகச் சாலை விதிக்கான சான்று பெற்றதல்ல. ஒரே வண்டியில் இரண்டு வேலை என்றால் எப்போதும் இந்த இழுபறிதான்.

318 பழக்கம்

உரிமம் பற்றி யாரும் சொல்லவில்லையே. இந்தப் பந்தயத்தின் தொடக்க வகுப்புகளுக்குப் பந்தய உரிமம் வேண்டாம். செல்லுபடியாகும் சாதாரண ஓட்டுநர் உரிமம் போதும், எந்த மாநிலத்தினுடையதாக இருந்தாலும் சரி. பந்தய உரிமம் கேட்பது வண்டிகள் உரசிக்கொண்டு ஓடும் ஓடுதளப் போட்டிகளில். இங்கே மூடிய சாலையில் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அனுப்புகிறார்கள், போட்டி கடிகாரத்தோடுதான். புதியவர்கள் அமைப்பாளர்களின் வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும், வேகமான வகுப்புகளுக்கு முன் அனுபவம் கேட்பார்கள்.

உங்கள் முக்கியக் கேள்விக்கு: 110 மைல் வகுப்பில் தொழிற்சாலை மூன்று முனைப் பெல்ட்டையே ஏற்கிறார்கள். ஹார்னெஸ், ரோல் பார், தீத்தடுப்பு உடை எல்லாம் வேகம் கூடக் கூட வந்து சேரும். இலக்கு வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் 'டெக் ஸ்பீடு' என்று ஓர் உச்ச வரம்பும் உண்டு. பின்தங்கிய நேரத்தை ஈடுகட்ட அதைத் தாண்டினால் தகுதி போய்விடும். டயரின் வேகக் குறியீடும் அந்த உச்சத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும்: எச் என்றால் மணிக்கு 130 மைல், வி என்றால் 149. டயர் பக்கவாட்டில் டாட் (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். பெயர் கொடுக்கும் முன் அதையும் பாருங்கள்.

தீயணைப்பான் உலோகப் பிடியில், உட்கார்ந்தபடியே கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். பிளாஸ்டிக் பிடியைச் சோதனையில் பார்த்தவுடன் முகம் சுளிப்பார்கள். காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை படியுங்கள், நேரம் அளந்து ஓடும் போட்டிகளைப் பெரும்பாலும் விலக்கியிருக்கும்.

மேற்குச்சாலை

இதை எழுதுவது அவரல்ல, பக்கத்து இருக்கைக்காரி. மூன்றாவது கேள்வியை எல்லாரும் வசதியாக மறந்துவிட்டீர்கள். தம்பியின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. விலையுயர்ந்தது, ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் ஸ்னெல் அமைப்பின் முத்திரையும் இருக்கிறது. எனக்கு அது போதுமா?

318 பழக்கம்

மன்னியுங்கள் சகோதரி. முத்திரையில் எம் என்று தொடங்கினால் அது மோட்டார் சைக்கிளுக்கானது. உங்களுக்கு வேண்டியது எஸ்.ஏ. என்று தொடங்குவது. அதைத் தீயிலும் சோதிக்கிறார்கள், ரோல் பாரில் இடிபடும் விதத்திலும் சோதிக்கிறார்கள். ஓட்டுநருக்கு என்னென்னவோ அதுவே பக்கத்து இருக்கைக்கும். இதில் சலுகை கிடையாது.

உண்மையில் இந்தப் பந்தயத்தை வெல்வது உங்கள் இருக்கைதான். 90 மைலுக்கு 110 என்றால் 49 நிமிடம் 5.45 விநாடி, அதற்கு மிக நெருக்கமாக வருபவருக்கே பரிசு. ஒரு மைலுக்கு 32.73 விநாடி. ஒவ்வொரு ஐந்து மைலுக்கும் வர வேண்டிய நேரத்தை முன்பே அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். வழியில் வரும் நேரோஸ் பள்ளத்தாக்கு வளைவுகளில் அவர் வேகத்தைக் குறைப்பார். குறைத்ததை உடனே பிடிக்கச் சொல்லித் துரத்தாதீர்கள், அடுத்த பத்து மைலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

வேகமணி

"எப்போதும்" என்பதைத் திரும்பப் பெறுகிறேன்.

மேற்குச்சாலை

இப்போது நானே. 110 வகுப்பு, தொழிற்சாலைப் பெல்ட், இரண்டு எஸ்.ஏ. ஹெல்மெட் என்று முடிவாகிவிட்டது. டயர் எண்ணைப் பார்த்தேன்: 1116. 2016ஆம் ஆண்டின் 11ஆவது வாரம். நான்கையும் மாற்றுகிறேன்.

இன்னொன்று. ஹார்னெஸ்ஸைப் பெட்டியில் போடும் முன் சும்மா இழுத்துப் பார்த்தேன். வலப்பக்க இருக்கை ஹார்னெஸ்ஸின் தோள் பட்டை, அதைப் பிடித்துவைக்கும் மூன்று கம்பிக் கொக்கியிலிருந்து நாலு விரற்கடை வழுக்கி வந்துவிட்டது. பட்டையின் நுனியைக் கொக்கிக்குள் மறுபடி மடித்து நுழைக்காமல் விட்டிருக்கிறேன். அந்தப் பக்கம்தான் மனைவி உட்கார்ந்து ஒரு சுற்று பழகலாம் என்றிருந்தார்.

பட்டறைவாசி

பெட்டியில் போடாதீர்கள். கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். முழுதாக இருந்தால் உங்களைப் போலவே இன்னொருவர் வாங்கி மாட்டிக்கொள்வார்.