தேம்ஸ் கழிமுகத்தின் மணல்திட்டுகளைப் பாய்ப்படகில் கடப்பதற்கு நேரத் திட்டம் போடுவது எப்படி?

நொய்யல்கரை (திருப்பூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மச்சினர் இங்கிலாந்தில் எசெக்ஸ் கடற்கரையோரம் குடியிருக்கிறார். அவரிடம் முப்பதடி நீளமுள்ள பாய்ப்படகு ஒன்று இருக்கிறது. வரும் ஜூன் மாதம் நான் அங்கே போகும்போது, கென்ட் கரையிலுள்ள ராம்ஸ்கேட்டிலிருந்து தேம்ஸ் கழிமுகத்தைக் குறுக்காகக் கடந்து எசெக்ஸ் பக்கத்துப் பிரைட்லிங்சீ வரை இருவரும் செல்வதாக ஏற்பாடு. தூரம் ஏறத்தாழ 40 கடல் மைல். படகைச் செலுத்தும் பொறுப்பு அவருடையதுதான். ஆனாலும், "திட்டத்தை நீங்களே எழுதி வாருங்கள், மாப்பிள்ளை, நான் சரிபார்க்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

வடக்கு ஃபோர்லேண்ட் முனையைச் சுற்றி, லாங் சாண்ட் என்ற நீண்ட மணல்திட்டை ஃபௌல்கர்ஸ் கேட் என்ற இடைவெளி வழியாகக் கடந்து, பிளாக் டீப் என்ற ஆழமான நீர்த்தடம், சங்க் மணல்திட்டு, பாரோ டீப் என்ற இன்னொரு ஆழமான நீர்த்தடம் ஆகியவற்றைத் தாண்டி, பக்ஸி, கன்ஃப்ளீட் மணல்திட்டுகளுக்கு நடுவேயுள்ள ஸ்பிட்வே வழியாக உள்ளே நுழைவது என் எண்ணம். படகின் அடிக்கட்டை நீருக்குள் 1.5 மீட்டர் இறங்கும்; வேகம் 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) என்று வைத்துக்கொள்ளலாம். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் வெளிச்சத்திலேயே சேர்ந்துவிடலாம் என்று கணக்கிட்டிருக்கிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் (கடல் நீர் ஏறி இறங்குவது) பெரிதாக இருக்கும் நாட்கள் நல்லவையா, அஷ்டமியை ஒட்டிய சிறிய ஓத நாட்கள் நல்லவையா? அடிக்கட்டைக்குக் கீழே எவ்வளவு தண்ணீர் இருந்தால் போதும்?

வடவள்ளி மாலுமி (கோவை) எழுதியது:

தம்பி, பாதையைச் சரியாகவே தேர்ந்திருக்கிறீர்கள். கிளம்பும் நேரத்தை முதலில் முடிவு செய்ததைத்தான் மாற்ற வேண்டும். சரக்குக் கப்பல்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: மணல்திட்டுகளைக் கடக்கும் பயணத்தில் கிளம்பும் நேரம் கடைசியாக வரும் விடையாகத்தான் இருக்க வேண்டும். பாதையில் மிகவும் ஆழம் குறைந்த இடம் எது, அங்கே நமக்குத் தேவையான தண்ணீர் எந்த நேரத்திலிருந்து இருக்கும், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே நாம் அதைத் தாண்ட முடியுமா என்று அந்த இடத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வந்தால், ராம்ஸ்கேட்டில் கயிற்றை அவிழ்க்க வேண்டிய நேரம் தானாகக் கிடைக்கும். உங்கள் பாதையில் ஸ்பிட்வே அப்படிப்பட்ட இடமாக இருக்கக்கூடும். சங்க் மணலை எந்த இடத்தில் கடக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அதுவும் போட்டிக்கு வரும்.

வரைபடத்தில் அச்சிட்டிருக்கும் ஆழம் அன்றைய ஆழம் இல்லை. பவானிசாகர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி என்று நாளிதழில் படிக்கிறோமே, அது ஒரு நிலையான மட்டத்திலிருந்து அளந்த எண். கடல் வரைபடத்திலும் அதுபோல ஓர் அடிப்படை மட்டம் உண்டு. பிரிட்டிஷ் வரைபடங்களில் வானியல் கணக்குப்படி ஓதம் இறங்கக்கூடிய மிகத் தாழ்ந்த மட்டமே அது. வரைபட ஆழத்தோடு அந்த நேரத்து ஓத உயரத்தைக் கூட்டினால் உண்மையான ஆழம் வரும். எண்ணுக்கு அடியில் கோடு போட்டிருந்தால், அந்த மணல் அடிப்படை மட்டத்துக்கு மேலே அத்தனை மீட்டர் தலைதூக்கி நிற்கிறது என்று பொருள். அங்கே ஓத உயரத்திலிருந்து அந்த எண்ணைக் கழிக்க வேண்டும். கூட்டுவதற்குப் பதில் கழிப்பதையும், கழிப்பதற்குப் பதில் கூட்டுவதையும் பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் பலரிடம் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒவ்வொரு எண்ணின் அருகிலும் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ பேனாவால் எழுதிவையுங்கள்.

நேரத்திலும் ஒரு கண்ணி உண்டு. பிரிட்டிஷ் ஓத அட்டவணைகள் பொதுவாகக் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். ஜூன் மாதத்தில் அங்குள்ள கடிகாரம் அதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். திருப்பூரில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்க்கும்போது செயலி இந்திய நேரத்துக்கு மாற்றிக் காட்டினால், அங்குள்ள கோடைகால நேரத்திலிருந்து மேலும் நாலரை மணி விலகிவிடும். அட்டவணையின் தலைப்பில் எந்த நேரம் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்த பிறகே எண்களை எடுங்கள்.

கூடுதுறை (பவானி) எழுதியது:

நில அளவைத் துறையில் பணிபுரிகிறேன். ஓதக் கணக்கு எனக்கு மிகவும் விருப்பமான பகுதி என்பதால் எண்களோடு சொல்கிறேன். ஸ்பிட்வேக்கு அருகிலுள்ள வால்டன் என்ற இடத்தின் சராசரி அளவுகளை எடுத்துக்கொள்வோம். பெரிய ஓத நாட்களில் நீர் 0.4 மீட்டர் வரை இறங்கி 4.2 மீட்டர் வரை ஏறும். சிறிய ஓத நாட்களில் 1.1 மீட்டர் வரைதான் இறங்கும், 3.4 மீட்டர் வரைதான் ஏறும்.

படகுக்கு 1.5 மீட்டர், அலையின் பள்ளத்துக்காக அரை மீட்டர், கணக்கில் வரக்கூடிய பிழைக்காக இன்னும் அரை மீட்டர் என்று மொத்தம் 2.5 மீட்டர் தேவை என்று கொள்ளுங்கள். கடக்கும் இடத்தில் வரைபட ஆழம் 1 மீட்டர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஓத உயரம் 1.5 மீட்டரைத் தொட வேண்டும். நீர் ஏறும் ஆறு மணி நேரத்தில் மொத்த ஏற்றத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு முதல் மணியிலும், அடுத்தடுத்த மணிகளில் 2, 3, 3, 2, 1 பங்குகளும் ஏறும் என்பது மாலுமிகளின் பழைய வாய்பாடு. அதன்படி பெரிய ஓதத்தில் அடிமட்டத்திலிருந்து 1.1 மீட்டர் ஏறுவதற்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். சிறிய ஓதத்தில் 0.4 மீட்டர் ஏறினால் போதும்; ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திலேயே வழி திறந்துவிடும்.

ஆனால் இதே கணக்கை, அடிப்படை மட்டத்துக்கு மேலே அரை மீட்டர் தலைதூக்கும் மணலுக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே ஓத உயரம் 3 மீட்டர் வேண்டும். பெரிய ஓதத்தில் மூன்றே முக்கால் மணி நேரத்தில் அது கிடைக்கும். சிறிய ஓதத்தில் நாலரை மணி நேரம் ஆகும், அதன் பிறகு ஏறுவதற்கு மிச்சமிருப்பது வெறும் 0.4 மீட்டர்தான். ஆகவே எந்த ஓதம் நல்லது என்ற உங்கள் கேள்விக்கு, நீங்கள் கடக்கும் மணல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே விடை சொல்லும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கரையில் பெரிய ஓத நாட்களில் நீர் உச்சத்தைத் தொடுவது கிரீன்விச் நேரப்படி நண்பகலை ஒட்டியே எப்போதும் அமைகிறது. சிறிய ஓத நாட்களில் அதே நேரத்தில் நீர் அடிமட்டத்தை நெருங்கியிருக்கும். அமாவாசை, பௌர்ணமி நாளுக்கும் பெரிய ஓதத்துக்கும் நடுவே இரண்டு நாள் போல இடைவெளி இருக்கும் என்பதால், நாட்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்து மட்டும் நாள் குறிக்காதீர்கள்.

கோபி பாய்மரம் (கோபிசெட்டிபாளையம்) எழுதியது:

சில ஆண்டுகள் கென்ட்டில் வேலை பார்த்தபோது நண்பர்களின் படகில் இந்தப் பாதையில் சென்றிருக்கிறேன். மேலே சகோதரி கூடுதுறை எழுதியவை அனைத்தும் அமைதியான வானிலைக்கான கணக்கு. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் கூடினால் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறையும். தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் தொடர்ந்து வீசும் பலத்த காற்று வடகடல் நீரை வெளியே தள்ளி, அட்டவணை சொல்வதைவிடக் குறைவான தண்ணீரையே விட்டுவைக்கும். வடக்கிலிருந்து புயல் அடித்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். 1953 ஜனவரி 31 இரவு அப்படி ஏறிய கடல் இங்கிலாந்தில் மட்டும் 307 பேரின் உயிரைக் கொண்டுபோனது. பிழைக்காக அவர் ஒதுக்கிய அரை மீட்டர் பாதுகாப்பைக் குறைக்க வேண்டாம் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

நீர் வற்றும்போது ஓட்டம் வடகிழக்கு நோக்கி வெளியே பாயும். அப்போது வடகிழக்குக் காற்று எதிரே வீசினால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். ஆழம் குறைந்த இடத்தில் படகு அலையின் பள்ளத்தில் இறங்கும்போது அடிக்கட்டை மணலில் மோதும். அங்குள்ள மணல் பார்ப்பதற்கு மென்மையாக இருந்தாலும், ஈரமாக இறுகியிருக்கும்போது சிமெண்டுத் தரைக்கு இணையான கடினம் கொண்டது. நீர் ஏறும்போது தட்டினால் பாயை இறக்கி, ஆழமான பக்கத்தில் நங்கூரம் போட்டுக் காத்திருந்தால் அடுத்த சில நிமிடங்களில் படகு மிதந்துவிடும். நீர் வற்றும்போது தட்டினால் பல மணி நேரம் சாய்ந்து கிடக்க நேரும். பெரிய ஓதத்தின் உச்சத்தில் மாட்டிக்கொண்டால் அடுத்தடுத்த நாட்களில் ஓதம் சிறுத்துக்கொண்டே வரும் என்பதால், அடுத்த பெரிய ஓதம் வரை படகு அங்கேயே நிற்கவும் கூடும்.

மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். மணல் நகர நகர ஸ்பிட்வே மிதவைகளும் இடம் மாற்றப்படுகின்றன. கருவியில் முன்பு குறித்துவைத்த பழைய வழிப்புள்ளிகளை நம்பாமல், பயணத்துக்கு முந்தைய வாரம் வரையிலான திருத்தங்களோடு கூடிய வரைபடத்தையே பயன்படுத்துங்கள். ஃபௌல்கர்ஸ் கேட் இப்போது 175 காற்றாலைகள் கொண்ட லண்டன் அரே பண்ணையின் நடுவே செல்கிறது. காற்றாலை வரிசை திசையைக் கணிக்க உதவும், ஆனால் நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளுவதைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும். ஆழமானியிலிருந்து பார்வையை எடுக்காதீர்கள்.

நொய்யல்கரை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பின்னோக்கிக் கணக்கிட்டுப் பார்த்தேன். பெரிய ஓத நாளில் அங்குள்ள கோடைகால நேரப்படி பகல் ஒரு மணியை ஒட்டி உச்சம் என்றால், பன்னிரண்டு மணிக்கு ஸ்பிட்வேயில் இருக்க வேண்டும். ராம்ஸ்கேட்டிலிருந்து அதுவரை ஏறத்தாழ 32 கடல் மைல் என்பதால் காலை ஐந்தரைக்கே கிளம்ப வேண்டியிருக்கிறது. காற்று குறைந்து வேகம் 4 நாட்டுக்கு இறங்கினால் ஸ்பிட்வேயை அடையும்போது நீர் வற்றத் தொடங்கியிருக்கும். அந்த நிலையில் என்ன முடிவெடுப்பது?

வடவள்ளி மாலுமி எழுதியது:

அந்த முடிவைக் கடலில் எடுக்கக் கூடாது, தம்பி; திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். லாங் சாண்டைத் தாண்டும் நேரத்துக்கு ஓர் எல்லை வையுங்கள். அதற்கு மேல் தாமதமானால் எஞ்சினைப் போட்டு வேகத்தை மீட்கலாம். பாரோ டீப்பை அடையும்போதும் தாமதம் தீரவில்லை என்றால் ஸ்பிட்வேயை விட்டுவிட்டு, கன்ஃப்ளீட் மணல்திட்டின் வடகிழக்கு முனையைச் சுற்றி ஹார்விச் துறைமுகத்துக்குச் செல்லுங்கள். வற்று நீரோட்டமும் அந்தத் திசையில் உங்களுக்குத் துணை செய்யும். ஹார்விச்சில் எந்த ஓத நிலையிலும் உள்ளே நுழையலாம். பிளாக் டீப் லண்டனுக்குச் செல்லும் பெரிய கப்பல்களின் தடம் என்பதால், அதைக் கூடியவரை செங்குத்தாகவும் விரைவாகவும் கடந்துவிடுங்கள். இருபது மீட்டருக்குக் குறைவான படகும் பாய்ப்படகும் குறுகிய தடத்தில் செல்லும் கப்பலுக்கு இடையூறு செய்யக் கூடாது என்பது 1972ஆம் ஆண்டு சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளின் ஒன்பதாவது விதி. நீரோட்ட வரைபடத்தை மணிவாரியாகப் பார்த்து, வடக்கு ஃபோர்லேண்ட் வரையிலான முதல் பகுதியின் வேகத்தைத் திருத்திய பின் முழுத் திட்டத்தையும் இங்கே பதிவிடுங்கள். எண்களைச் சரிபார்த்துத் தருகிறோம்.