மழைக்கால உள்ளியில் நத்தை: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

கடையத்துக்காரன்:

வீட்டை ஒட்டி எங்களுக்கு 15 சென்ட் தோட்டம் இருக்கிறது. பிசான நெல் போகத்துக்கு வயல் வேலை தொடங்கும்போதே இதில் சின்ன உள்ளியும், அதாவது சின்ன வெங்காயமும் ஊன்றிவிடுவோம். தையில் பிடுங்கினால் வீட்டுக்கு எடுத்தது போக மீதியைப் பாவூர்சத்திரம் சந்தைக்குக் கொண்டுபோகலாம். போன ஐப்பசியில் 90 கிலோ விதை உள்ளி ஊன்றினோம். பத்து நாளில் பச்சைப்பசேல் என்று முளைத்து நின்றது. அப்புறம் அடைமழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் வாய்க்கால் ஓரத்து இரண்டு பாத்தியில் தாள் பாதியில் ஒடிந்து கிடக்கிறது, சிலதில் ஓட்டை, சில இடத்தில் முளையே இல்லை. மருந்துக் கடையில் கேட்டேன், வெட்டுப்புழு என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். அடித்தேன். மறுநாள் இன்னொரு பாத்தியும் போயிற்று.

எங்கள் ஆச்சிதான், "பகலில் பார்த்தால் என்னல தெரியும், ராத்திரி லைட் அடிச்சுப் பாரு" என்றாள். ஒன்பது மணிக்கு டார்ச்சோடு போனேன். கறுப்பாக, தட்டையாக, விரல் நீளத்துக்கு ஓடில்லாத நத்தைகள், தாளுக்குத் தாள் ஏறி மேய்கின்றன. அன்றைக்கு மட்டும் 143 பொறுக்கினேன். நத்தை பூச்சி இனமே இல்லை, அதனால்தான் நான் அடித்த புழு மருந்துக்கு அது அசையவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. மருந்தும் காசும் வீண்.

பகலில் எங்கே போகின்றன என்று தேடினேன். முந்தின போகத்துக் கத்தரிச்செடியைப் பிடுங்கி வரப்பில் குவித்திருந்தேன், மேலே தென்னை ஓலை வேறு. எல்லாம் அதற்கடியில்தான் ஈரத்தில் சுருண்டு கிடந்தன. குவியலை அள்ளி அப்புறப்படுத்திவிட்டு, பாத்திக்கு ஒன்றாக நனைத்த சாக்கை விரித்தேன். விடிந்ததும் சாக்கைப் புரட்டினால் அடியில் வந்து கிடக்கும், பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிடுவேன். மழை விட்ட நாட்களில் சாயங்காலம் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்திக் காலையில் மாற்றினேன், ராத்திரி மண் மேலாக உலர்ந்திருந்தால் அவை அவ்வளவாக வருவதில்லை. மூன்று வாரத்தில் நாளைக்கு ஐந்தாறு என்று குறைந்தது. முதலில் போன மூன்று பாத்தியும் போனதுதான், மற்றது தேறியது.

ஆலங்குளத்தான்:

அண்ணாச்சி, உப்பை வாளியோடு நிறுத்தியது நல்லதாகப் போயிற்று. நான் பாத்தியைச் சுற்றி உப்பைத் தூவினேன். நத்தை செத்தது, மழையில் உப்பு கரைந்து உள்ளே இறங்கி ஓர வரிசை உள்ளியும் கருகிவிட்டது. உள்ளி உப்பு தாங்காத பயிர். சுண்ணாம்புத் தூளும் சாம்பலும் காய்ந்து கிடக்கும் வரைக்கும்தான் தடுக்கும், கார்த்திகை மழையில் ஒரு ராத்திரி கூட நிற்காது. எனக்குக் கைகொடுத்தது பப்பாளி இலைதான். வாடின இலையை அங்கங்கே போட்டு வைத்தால் ஓடுள்ள பெரிய ஆப்பிரிக்க நத்தையும் அதைத் தேடி வந்துவிடும்.

அம்பை அக்கா:

தம்பிகளா, நத்தைக்குக் குருணை மருந்து வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். மெட்டால்டிஹைடு குருணையை நான் தோட்டத்தில் திறந்தபடி போட்டேன். எங்கள் வீட்டு நாய் தின்றுவிட்டது. உடம்பெல்லாம் வெட்டி இழுத்து, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போவதற்குள் போய்விட்டது. ஏழு வருஷம் வளர்த்த பிள்ளை. கோழி, நாய், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம். பொறுக்கும்போதும் வெறுங்கையால் தொடாதீர்கள். நத்தைக்குள் இருக்கும் ஒரு புழு மனுஷருக்குள் போனால் மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோய்விடும். பச்சையாகத் தின்கிற உள்ளித்தாளை நன்றாகக் கழுவுங்கள்.

கல்லிடைக்குறிச்சி:

எல்லாவற்றுக்கும் நத்தையைச் சொல்லிவிட வேண்டாம். மழை விட்டு வெயில் அடிக்கும்போது தாளில் வெள்ளி வெள்ளியாகக் கோடு விழுந்து நுனி காய்ந்தால் அது இலைப்பேன். தாள் பிரியும் இடுக்கை விரித்துப் பாருங்கள், மஞ்சளாகப் பொடிப் பொடியாக ஓடும். அதற்கு நீல ஒட்டுப்பொறி கட்டி, 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் அடிப்பேன்: 5 கிலோ பருப்பை இடித்து ராத்திரி முழுக்க ஊறவைத்து, வடிகட்டி 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பும் கரைத்துச் சாயங்காலம் அடிக்க வேண்டும். நத்தை என்றால் காலையில் தாள் மேலும் மண்ணிலும் பளபளவென்று கோழைத்தடம் காய்ந்து கிடக்கும், அதை வைத்தே பிரித்துவிடலாம்.

கடையத்துக்காரன்:

அக்கா, நாயைப் பற்றிப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. எங்கள் வீட்டிலும் இரண்டு நிற்கின்றன, குருணை வாங்கும் எண்ணம் இருந்தது, இனி இல்லை. நேற்று வரப்பைக் கொத்தும்போது ஜவ்வரிசி போல முட்டைக் கொத்துகள் நாலைந்து இடத்தில் அகப்பட்டன. அள்ளி வெயிலில் காயப் போட்டிருக்கிறேன், மீதி வரப்பையும் ஐப்பசிக்குள் கொத்திப் புரட்டிவிட வேண்டும்.