பிக்கப் இன்ஜினை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: கடலூர் முதுநகர். டீசல் பிக்கப்புக்கு வேற இன்ஜின் கிடைச்சிருக்கு. வாசலிலேயே மாத்தலாமா? எதுல கவனம் வேணும்?

பதில்: மாத்தலாம்ணா. இன்ஜினைத் தூக்குற செயின் பிளாக்கை வீட்டு உத்தரத்துல மாட்டாதீங்க. ஒரு டன் தாங்குற இரும்பு முக்காலி வாடகைக்கு எடுங்க. கிளட்ச் பிளேட், கிளட்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங், இன்ஜின் பின்பக்க ஆயில் சீல் இப்பவே புதுசு போடுங்க. திரும்ப இன்ஜினோட சேர்க்கும்போது கியர்பாக்ஸ் கடைசி ஒரு விரல்கடை போகாம நின்னா, போல்ட்டை முறுக்கி இழுக்காதீங்க, ஹவுசிங்ல (வெளிக்கூட்டுல) போல்ட் மாட்டுற காது உடையும். இன்ஜின் முன்பக்கம் இருக்கற கிராங்க் புல்லியைக் கொஞ்சம் திருப்புங்க, கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பல் கிளட்ச் பிளேட் பல்லோட சேர்ந்து உள்ள போகும். அப்பவும் போகலைன்னா கிளட்ச் பிளேட் நடுவுல இல்லை.

பதில்: நம்ம ஊர் உப்புக்காத்து. பேட்டரியோட எர்த் கேபிள் உக்கார்ற இடத்தைப் பளபளன்னு தேய்ச்சிடுங்க. பச்சை பூத்திருந்தா செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) 'டக்'னு நின்னுடும். டர்போ இருந்தா அதுக்குப் போற ஆயில் குழாயில ஆயில் ஊத்திட்டு மாட்டுங்க.

பதில்: இன்ஜின் வாங்கின பில்லுல உள்ள இன்ஜின் நம்பர், இன்ஜின் பிளாக்ல (இன்ஜின் உடம்புல) இருக்கறதோட ஒத்துப்போகுதா பாருங்க. ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி.யில உள்ள இன்ஜின் நம்பரை மாத்தணும்.