உதவி தேவை: கடற்புல் இலையிலுள்ள டயற்றம் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் உப்பும் சுருக்கமுமாகவே தெரிகிறது

நிலாவெளிக் காற்று:
வணக்கம். கொட்டியாரக் குடாவில் கிண்ணியாப் பக்கம் எடுத்த கடற்புல் இலைகளில் ஒட்டி வாழும் டயற்றங்கள் என்ற, சிலிக்கா ஓடுள்ள நுண்ணிய பாசிகளைப் பற்றி இறுதியாண்டு ஆய்வு செய்கிறேன். இலையின் எந்தப் பகுதியில் எந்த வகை எப்படிக் கூட்டமாக ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாதிரியைத் திருகோணமலையில் தயாரித்துக் கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறோம், ஸ்கேனிங் இலத்திரன் நுணுக்குக்காட்டி அங்கேதான். வந்த படங்களில் இலை முழுக்கச் சின்னச் சின்னச் சதுரக் கட்டிகள், அவற்றுக்கிடையே ஒரு நுண்ணிய பொடி, இலைக் கலங்கள் எல்லாம் உள்ளே குழிந்து கிடக்கின்றன. டயற்றங்களின் ஓடு நன்றாக இருக்கிறது, ஆனால் அவற்றை இலையோடு பிடித்திருக்கும் சளிப்படலம் கிழிந்து போயிருக்கிறது. சில இடங்களில் கண் கூசும் வெள்ளையாகிப் படமே இழுபடுகிறது.

செய்முறை இதுதான்: இலையைக் கடல்நீரில் அலசி, பொசுபேற்றுத் தாங்கற் கரைசலில் கலந்த, திசுவை நிலைப்படுத்தும் 2.5% குளூட்டரால்டிகைட்டில் இரவு முழுக்கக் குளிரில் வைத்து, பிறகு நேரே 50, 70, 90, 100% எதனோல், கடைசியில் வடிதாளில் வைத்துக் காற்றில் உலர்த்தல். பொன் பூச்சு கொழும்பில் போடுகிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், படம் இல்லாவிட்டால் அறிக்கையே நிற்காது.

உவர்மலை:
சதுரக் கட்டி சோடியம் குளோரைட்டு, அதில் சந்தேகமில்லை. டயற்றம்தானே வேண்டும், நைத்திரிக்கமிலத்தில் சூடாக்கிக் கழுவுங்கள். சிலிக்கா ஓடு மட்டும் மிஞ்சும், படம் சுத்தமாக வரும்.

கங்கைமுகம்:
உவர்மலை, இனம் பிரித்துப் பெயர் வைக்க அந்த வழி சரி. இவர் கேட்பது டயற்றம் இலையில் எப்படி இருக்கிறது என்பதை. அமிலத்தில் போட்டால் இலையும் போய்விடும், சளிப்படலமும் போய்விடும், எது எங்கே இருந்தது என்ற கேள்விக்கே இடமிருக்காது. ஆகையால் தம்பி (தங்கச்சி என்றால் மன்னிக்கவும்), அமிலப் பக்கம் போக வேண்டாம். வேண்டுமானால் வேறு இலைத்துண்டு சிலவற்றை அதற்கென்று ஒதுக்குங்கள், இனத்தை உறுதிப்படுத்த உதவும்.

அந்தப் பொடிதான் முக்கியம். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது, மகனீசியம் அதைவிட மூன்று மடங்கு. கடல்நீர் ஊறிய இலையைப் பொசுபேற்றில் போட்டால் இரண்டும் பொசுபேற்றாக வீழ்படிவாகி இலைமேலேயே உட்காரும். பிறகு எதனோலில் எத்தனை தரம் கழுவினாலும் போகாது. அதோடு கடல்நீரின் பிரசாரண அளவு (கரைந்த பொருள்களின் மொத்தச் செறிவு) 1000 மில்லியொஸ்மோல் அளவில் இருக்கிறது, 0.1 மோலார் பொசுபேற்று அதில் கால்வாசிதான், கலங்கள் நிலைப்படுத்தப்படும் முன்பே தண்ணீரை உள்ளே இழுத்து ஊதிவிடும்.

பொசுபேற்றை விட்டுவிடுங்கள். மாதிரி எடுத்த இடத்துக் கடல்நீரையே 0.2 மைக்ரோமீற்றர் வடியில் வடித்து, 25% குளூட்டரால்டிகைட்டு ஒரு பங்குக்கு அந்த நீர் ஒன்பது பங்கு சேர்த்தால் 2.5% வந்துவிடும். ககோடைலேற்று என்ற வேறொரு தாங்கற் கரைசலைச் சிலர் சொல்வார்கள், அது ஆசனிக் சேர்ந்தது, கழிவை என்ன செய்வது என்று பதில் இல்லாமல் தொட வேண்டாம். அப்புறம் உப்பு: எதனோலுக்குப் போகும் முன் அது வெளியே போயிருக்க வேண்டும், ஏனென்றால் கடல்நீரில் கரைந்திருக்கும் உப்புகள் பல எதனோலில் கரையாமல் பளிங்காகிவிடும். நிலைப்படுத்திய பிறகு வடித்த கடல்நீர், முக்கால், அரை, கால், பிறகு காய்ச்சி வடித்த நீர் என்று பத்துப் பத்து நிமிடமாக இறக்குங்கள். எதனோலை 30%இலிருந்து தொடங்குங்கள்.

நிலாவெளிக் காற்று:
நன்றி, தங்கச்சிதான் அக்கா/அண்ணா. பொடியை நான் தூசி என்று நினைத்தேன். மாரியில் எடுத்த மாதிரிகளும் இருக்கின்றன, அப்போது மாவலி வெள்ளம் வந்து குடாத் தண்ணீர் உவர்ப்புக் குறைந்திருக்கும். அதற்கும் இதே கணக்கா?

கங்கைமுகம்:
அக்காதான். அதனால்தான் எடுத்த இடத்து நீர் என்றேன், எடுத்த நாளின் நீரும்கூட. உவர்மானியில் அளந்து குறித்து வையுங்கள். கோடையில் எடுத்த தண்ணீரை மாரி மாதிரிக்கு ஊற்றினால் கலம் சுருங்கும்.

லாப் அண்ணா:
குழிந்த கலங்களுக்கு உலர்த்தும் முறைதான் காரணம் என்பேன். தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை மீற்றருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன், எதனோல் 22. எதனோலே காற்றில் காய்ந்தாலும் மென்மையான திசுவைச் சுருக்கிவிடும், அதிலும் திறந்து வைத்த 100% போத்தல் நம்மூர்க் காற்றில் ஈரத்தை இழுத்து 100% ஆக இருப்பதே இல்லை. மூலக்கூற்றுச் சல்லடை (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்) போட்டு உலர்த்திய எதனோலில் கடைசி மாற்றத்தை மூன்று முறை செய்யுங்கள், சல்லடையின் தூள் மாதிரிக்கு வராமல்.

நல்ல வழி கிரிட்டிக்கல் பாயின்ட் ட்ரையர். எதனோலை எடுத்துவிட்டுத் திரவக் காபனீரொட்சைட்டை நிரப்பி 31 பாகை செல்சியசுக்கும் 74 பாருக்கும் மேலே கொண்டுபோனால் திரவம், வாயு என்ற எல்லையே இல்லாமல் போகும், இழுப்பதற்கு மேற்பரப்பு இல்லை. அது கிடைக்காவிட்டால் எக்சாமெதில்டைசிலசேன் என்ற ஆவியாகும் திரவம். எதனோலோடு 1:2, 1:1, 2:1, பிறகு தனியாக, ஒவ்வொன்றும் இருபது நிமிடம், கடைசியை மூடி தளர்த்தி இரவு முழுக்க ஆவியாக விடுங்கள். பியூம் ஹூட்டுக்கு (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) வெளியே அந்தப் போத்தலைத் திறக்கவே கூடாது. தீப்பற்றும், ஈரம் பட்டால் அமோனியா வரும். உங்களிடம் ஹூட் இல்லையென்றால் 70% எதனோலோடு நிறுத்தி, துண்டுகளை நன்றாக மூடிய சிறு குப்பியில் கொழும்புக்கு அனுப்பி உலர்த்தலை அங்கேயே செய்யச் சொல்லுங்கள். எரியும் திரவம், பஸ்ஸில் யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

இன்னொன்று, வைத்தியசாலைக் கருவிகளுக்கான 2% குளூட்டரால்டிகைட்டைச் சிலர் தருவார்கள், அது இதற்கு ஆகாது, இலத்திரன் நுணுக்குக்காட்டித் தரம் என்று எழுதியதே வேண்டும். ஒஸ்மியம் நாலொட்சைட்டு என்ற இன்னொரு நிலைப்படுத்தி இல்லாமலும் இந்த வேலையை முடிக்கலாம். அதன் ஆவி கண்ணின் கருவிழியைப் பாதிக்கும், பழகியவர் பக்கத்தில் இல்லாமல் யாரும் திறக்கக் கூடாது.

நிலாவெளிக் காற்று:
புதுத் துண்டுகளை அக்கா சொன்னபடி செய்து 70%இல் அனுப்பி அங்கே உலர்த்தினார்கள். பொடி இல்லை, கட்டி இல்லை, டயற்றங்களின் காம்புகள் இலையில் ஊன்றி நிற்பது தெளிவாகத் தெரிகிறது. ஓரங்களில் மட்டும் இன்னும் வெள்ளை அடிக்கிறது.

லாப் அண்ணா:
மிகவும் சந்தோசம். ஓரம் தாங்கியைத் தொடாமல் தூக்கி நிற்கும், இலத்திரன் வெளியேற வழியில்லாமல் ஏற்றம் சேருகிறது. காபன் நாடாவில் ஒட்டிய பின் ஓரங்களில் வெள்ளிப் பசை ஒரு கோடு இழுத்துவிட்டுப் பூச்சுப் போடச் சொல்லுங்கள். ஆர்முடுக்கும் அழுத்தத்தை 5 கிலோவோல்ற் அளவுக்குக் குறைத்தும் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய மாதிரியின் பொடியை எக்ஸ் கதிர்ப் பகுப்பாய்வில் உறுதிப்படுத்துவதென்றால் பொன் பூசாத துண்டைக் காபன் பூசிக் கொடுங்கள். பொன்னின் 2.12 கிலோ இலத்திரன்வோல்ற் கோடு பொசுபரசின் 2.01க்குப் பக்கத்திலேயே வந்து குழப்பும்.