கலிபோர்னியாவில் நோட்டரி ஆக: பாண்ட், கவுன்டி பதிவு பற்றி உதவி தேவை

வணக்கம். சான்டா கிளாரா கவுன்டியில் இருக்கிறேன், கிரீன் கார்டு. ஆறு மணி நேர வகுப்பு முடித்து, 40 டாலர் கட்டித் தேர்வும் எழுதிப் பாஸ் ஆகிவிட்டேன். அடுத்து லைவ் ஸ்கேனில் (மின்னணு முறையில்) கைரேகை. அதுவரை குழப்பமில்லை.

அப்புறம்தான் கவலை. கமிஷன், அதாவது நோட்டரி நியமனம், தொடங்கும் தேதியிலிருந்து 30 நாளுக்குள் உறுதிமொழியையும் 15,000 டாலர் பாண்டையும் (உத்தரவாதப் பத்திரம்) கவுன்டி கிளார்க்கிடம் பதிய வேண்டும். தவறினால் அந்தக் கமிஷன் செல்லாது, நீட்டிப்பும் கிடையாது. வார நாளில் வேலையை விட்டுப் போவது எனக்குச் சிரமம். யாராவது உறுதிமொழியை வேறொரு நோட்டரி முன் எடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறீர்களா? நேரத்துக்குள் பதிவானதா?

இன்னொன்று: பாண்ட் பொதுமக்களுக்குத்தான் பாதுகாப்பு, நமக்கு இல்லை என்று வகுப்பில் சொன்னார்கள். நம் தவறுகளுக்கு நம்மைக் காக்கும் இ அண்ட் ஓ காப்பீடு தனியாக எடுத்தீர்களா? எவ்வளவுக்கு?

நான் இதில் இறங்கக் காரணம் நம் பெரியவர்கள். ஊர் நிலத்துக்குப் பவர் பத்திரம் போட வரும்போது, இங்கே மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்து நோட்டரி செய்யக்கூடாது. கையெழுத்திடுபவரிடம் நோட்டரியே நேரடியாகப் பேச வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்த அம்மாக்கள் எங்கே போவார்கள்? பவர் பத்திரம் என்றால் ஜர்னலில் (நோட்டரியின் பதிவேட்டில்) கட்டைவிரல் ரேகையும் வாங்க வேண்டும். அதற்கு எந்த மை பேட் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.